ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: கதை ஒரு பக்கம், ஆட்டக்காரரின் கைகள் ஒரு பக்கம்

எழுதியவர்: வடகாற்று

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற வீடியோ கேம் குறித்துத் தமிழில் நான் வாசித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை அதை ஒரு நீண்ட திரைப்படமாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நாயகன் ஆர்தர் மார்கனின் பாத்திரப் படைப்பு, கும்பல் தலைவன் டச்சின் வீழ்ச்சி, ஆர்தரின் காசநோய், இறுதிக் காட்சி ஆகியவற்றை விரிவாகப் பேசும் அவை, ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆட்டக்காரரின் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை மட்டும் "கிராபிக்ஸ் அருமை, கன்ட்ரோல் சற்று மந்தம்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. இந்தப் பிரிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வீடியோ கேமின் கதையை மதிப்பிட வேண்டுமென்றால், அது எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் செய்ய வைக்கிறது, எதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். ஆட்டத்தை இன்னும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வந்து இந்த இழையைப் படிப்பது நல்லது.

2018 அக்டோபரில் வெளிவந்த இந்த ஆட்டம் 1899ஆம் ஆண்டில் நடக்கிறது. பிளாக்வாட்டர் கொள்ளை தோல்வியடைந்த பின், டச்சு வான் டெர் லிண்டின் கும்பல் பனிமலைக்குத் தப்பி ஓடுவதில் கதை தொடங்குகிறது. மலையிலிருந்து இறங்கியதும் நம் முன் விரியும் உலகம் அசாத்தியமானது. மேசை இழுப்பறையை ஆர்தர் கையால் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுக்கிறார். வேட்டையாடிய மானின் தோலை உரிக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டும். தாடி வளர்கிறது, துப்பாக்கியைத் துடைக்காவிட்டால் அதன் தரம் குறைகிறது, தெருவில் எதிர்ப்படும் அந்நியரைப் பார்த்து வணக்கம் சொல்லலாம் அல்லது வம்புக்கு இழுக்கலாம். நீங்கள் எப்படிப்பட்ட மனிதராக வாழப்போகிறீர்கள் என்று இந்த உலகம் ஒவ்வொரு அடியிலும் நம்மைக் கேட்கிறது.

ஆனால் கதையை நகர்த்தும் பணியான மிஷன் ஒன்றைத் தொடங்கிய மறுகணமே அந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது. வரைபடத்தில் ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோட்டில் போக வேண்டும். குறிப்பிட்ட மரத்தின் பின்னால் குந்த வேண்டும். சொல்லும்போது சுட வேண்டும். கொஞ்சம் சுற்றிப் போய்ப் பக்கவாட்டில் நுழையலாமே என்று யோசித்தால், கூட்டாளியைக் கைவிட்டுவிட்டீர்கள் என்ற அறிவிப்புடன் ஆட்டம் நம்மைப் பழைய செக்பாயிண்டுக்கு, அதாவது கடைசியாகச் சேமிக்கப்பட்ட இடத்துக்கு, இழுத்து வருகிறது. முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்குள் மேய்வது போன்ற சுதந்திரம்தான் மிஷனுக்குள் கிடைக்கிறது.

இரண்டாம் அத்தியாயத்தில் வரும் ஸ்ட்ராபெரி ஊர் மிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். சிறையில் கிடக்கும் கும்பல் உறுப்பினர் மைக்காவை ஆர்தர் மீட்கிறார். நீராவி இயந்திரத்தால் சுவரைப் பெயர்த்து வெளியே வந்தவுடன் இருவரும் தப்பி ஓடியிருக்கலாம். மைக்காவோ தன் துப்பாக்கிகளை ஒருவரிடமிருந்து திரும்பப் பெற வேண்டும் என்று ஊருக்குள் நடக்கிறார். ஆர்தருக்கு இதில் விருப்பமில்லை. அவருடைய குரலிலேயே வெறுப்பு தெரிகிறது. நமக்கும் விருப்பமில்லை. இருந்தும் மைக்காவின் பின்னால் சென்று, தெரு நெடுகக் காவலர்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டே போக வேண்டும். விலகி நின்றால் மிஷன் தோல்வி. இதற்குச் சற்று முன்புதான் நான் வாலண்டைன் தெருவில் வருவோர் போவோருக்கெல்லாம் வணக்கம் சொல்லி, பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டு, ஆர்தரின் நல்லொழுக்கத்தை அளக்கும் ஹானர் மீட்டரைச் சிறிது சிறிதாக உயர்த்தியிருந்தேன். ஒரு மீனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அந்த அளவுகோல், ஸ்ட்ராபெரியில் விழும் உயிர்களுக்கு ஏற்ற அளவில் சரிவதே இல்லை. கதைக்குத் தேவைப்பட்ட கொலைகள் ஆர்தரின் கணக்கில் சேராமல் போகின்றன.

என் குற்றச்சாட்டு இதுதான்: இந்த ஆட்டத்தின் கதை முழுக்க ஒரு மனிதன் தன் செயல்களுக்குப் பொறுப்பேற்பதைப் பற்றியது, ஆனால் அதன் மிஷன்கள் ஆட்டக்காரரைப் பொறுப்பேற்கவே விடுவதில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் மிஷன்களின் பெயரையோ காட்சியையோ குறிப்பிட்டே எழுத வேண்டுகிறேன்.


எழுதியவர்: கரிசல்

வடகாற்று அவர்களின் பதிவைக் கவனமாகப் படித்தேன். ஸ்ட்ராபெரி குறித்து அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவை நான் ஏற்கவில்லை.

ஆர்தர் சுதந்திரமான மனிதர் அல்லர். இருபது வயதைத் தொடுவதற்கு முன்பே டச்சின் கையில் வளர்ந்தவர். சிந்திப்பது டச்சின் வேலை, செய்வது தன் வேலை என்று ஏற்றுக்கொண்டவர். முகாமிலிருந்து தனியே குதிரையேறிப் போகும்போது அவருக்கு உலகம் விரிகிறது. கும்பலோடு வேலைக்குப் போகும்போது அது சுருங்குகிறது. நீங்கள் குறையாகச் சொல்லும் அந்தக் கயிறு, என் பார்வையில், பாத்திரத்தின் கழுத்திலேயே கிடக்கும் கயிறுதான். ஸ்ட்ராபெரியில் நமக்கு எழும் எரிச்சல் ஆர்தருக்கும் எழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாத்திரமும் ஆட்டக்காரரும் ஒரே எரிச்சலை உணர்ந்தால், அங்கே கதையும் ஆட்டமும் இணைந்துதானே இருக்கின்றன?

இன்னொன்று. கைகள் என்ன செய்தன என்று கேட்கிறீர்கள். குதிரையைப் பற்றிப் பேசாமல் இந்த ஆட்டத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. குதிரையை நாம் தேர்ந்தெடுக்கிறோம், பெயர் வைக்கிறோம். தீனி கொடுக்கிறோம், சேறு படிந்தால் தேய்த்துவிடுகிறோம், பாம்பைக் கண்டு மிரளும்போது கழுத்தைத் தட்டி அமைதிப்படுத்துகிறோம். பிணைப்பு நான்கு நிலைகளாக வளர்கிறது. ஒவ்வொரு நிலையிலும் அது நம் சொல்லைக் கூடுதலாகக் கேட்கிறது. இவை அனைத்தும் வெறும் ஆட்ட நுணுக்கங்கள். கட்சீன் எனப்படும் இடைக்காட்சி எதுவும் இவற்றை நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஆறாம் அத்தியாயத்தின் இறுதியில் துரத்தி வருவோரின் குண்டு பட்டு அந்தக் குதிரை விழுகிறது. மைக்காவின் ஆட்களும் பிங்கர்ட்டன் துப்பறிவாளர்களும் நெருங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்தர் மண்டியிட்டு, அதன் முகத்தைத் தடவி, நன்றி சொல்கிறார். அங்கே கலங்கியவர்கள் யாரும் எழுத்தாளரின் வசனத்துக்காகக் கலங்கவில்லை. பத்து, இருபது மணி நேரம் அந்த உயிரைத் தேய்த்துக் குளிப்பாட்டியவை தங்கள் கைகள் என்பதற்காகக் கலங்கினார்கள்.

கும்பல் உடையும் காலத்தில் ஆர்தர் முகாமுக்குத் திரும்பும் நீண்ட சவாரியையும் இதே வரிசையில் வைக்கிறேன். பின்னணியில் பாடல் ஒலிக்கிறது. நாம் செய்வது குதிரையை ஓட்டுவது மட்டுமே. அதுவரை நூறு முறை செய்த அதே செயல் அங்கே துக்கமாக மாறுகிறது. ஒரு வெட்டு, ஒரு நெருக்கக் காட்சி என்று திரைப்பட இயக்குநர் சேர்க்க வேண்டியிருந்த கனத்தை இந்த ஆட்டம் வெறும் தூரத்தால் சேர்த்துவிடுகிறது.


எழுதியவர்: வடகாற்று

கரிசல் அவர்களுக்கு நன்றி. குதிரை குறித்த பத்தியில் ஒரு சொல்லுக்கும் எனக்கு மறுப்பில்லை. அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு என் வாதத்துக்கே கிடைக்காது: ஆட்டம் எங்கே நம் கைகளை நம்பியதோ அங்கே கதை வென்றிருக்கிறது. குதிரையோடு நமக்கு உண்டான உறவை எந்த மிஷனும் கட்டளையிட்டு உருவாக்கவில்லை.

ஆனால் கயிறு ஆர்தரின் கழுத்தில் கிடப்பது என்ற விளக்கத்தை ஒரே ஒரு கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம். அது டச்சின் கயிறு என்றால், டச்சின் மீதான நம்பிக்கை அறுந்த பின் அது தளர்ந்திருக்க வேண்டும். ஆறாம் அத்தியாயத்தில் ஆர்தருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தான் சாகப்போவது தெரியும். டச்சு சொல்லும் திட்டமெதுவும் திட்டமல்ல என்பதும் தெரியும். கூட்டாளி ஜானின் குடும்பத்தையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஒரே நோக்கம்தான் அவரிடம் எஞ்சியிருக்கிறது. அப்படியிருந்தும், ராணுவச் சம்பளப் பணத்தோடு போகும் ரயிலைக் கொள்ளையடிக்கும் மிஷனில், முதல் அத்தியாயத்தில் எந்த அளவுக்குக் கைகள் கட்டப்பட்டிருந்தனவோ அதே அளவுக்குத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஆர்தரின் மனம் மாறுகிறது, வசனம் மாறுகிறது. மிஷனின் அமைப்பு மட்டும் மாறவில்லை. ஆகவே அந்தக் கட்டுப்பாடு பாத்திரத்திலிருந்து பிறந்ததல்ல, தயாரிப்பு முறையிலிருந்து பிறந்தது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. ராக்ஸ்டாரின் முந்தைய ஆட்டங்களிலும் இதே அமைப்புதான். முதல் ரெட் டெட் ரிடெம்ப்ஷனின் ஜானைத் தவிர, அவற்றின் நாயகர்கள் டச்சின் பிள்ளைகள் அல்லர்.

காசநோயும் அப்படியே. முகம் வெளிறுகிறது, உடல் மெலிகிறது, இருமல் இடைவிடாது வருகிறது; கண்ணும் காதும் நோயை நன்றாக அறிகின்றன. கைகளோ அதை அறிவதில்லை. காலத்தை மெதுவாக்கிக் குறிபார்க்க உதவும் டெட் ஐ திறனைப் பாருங்கள்: மனிதர் செத்துக்கொண்டிருக்கும் அதே ஆறாம் அத்தியாயத்தில் அது ஒரு படி உயர்ந்து, எதிரியின் உயிர்நிலைகளைச் சுட்டிக்காட்டத் தொடங்குகிறது. ஆட்டம் முன்னேற முன்னேறத் திறன் கூட வேண்டும் என்பது வீடியோ கேம்களின் பழைய வழக்கம். கதை அதற்கு நேர்எதிர்த் திசையில் போகும்போதும் அந்த வழக்கத்தை விட இவர்களுக்கு மனம் வரவில்லை. மூச்சிரைப்பால் குறி நடுங்கியிருந்தால், ஏணியில் ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருந்தால், முன்பு தனியாகச் சமாளித்த சண்டைக்கு இப்போது கூட்டாளி சேடியின் உதவியைக் கட்டாயம் நாட வேண்டியிருந்தால், அந்த அத்தியாயம் எவ்வளவு வேறாக இருந்திருக்கும்!


எழுதியவர்: தாழ்வாரம்

வடகாற்று எழுப்பிய கேள்வி 2007ஆம் ஆண்டிலேயே வேறொரு ஆட்டத்தை முன்வைத்து எழுப்பப்பட்டது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அந்த ஆட்டம் பயோஷாக். எழுப்பியவர் கிளின்ட் ஹாக்கிங். அவர் வெறும் விமர்சகர் அல்லர். ஸ்பிளின்டர் செல் தொடரில் பணியாற்றியவர், அடுத்த ஆண்டே வெளிவந்த ஃபார் க்ரை 2 ஆட்டத்தின் படைப்பு இயக்குநர். ஆட்டத்தின் விதிகள் ஒரு பேச்சையும் கதை வேறொரு பேச்சையும் பேசுகின்றன என்பதுதான் அவருடைய குறை. லிட்டில் சிஸ்டர் எனப்படும் சிறுமிகளை என்ன செய்வது என்ற தேர்வில் தன்னலத்தையும் கருணையையும் நம் கையில் கொடுத்த ஆட்டம், ரேடியோவில் நமக்கு வழிகாட்டும் அட்லஸ் என்பவருக்கு உதவுவதா வேண்டாமா என்ற பெரிய கேள்வியில் நமக்கு எந்தத் தேர்வும் தரவில்லை என்றார் அவர்.

எனக்கு அதில் இன்னும் அருகில் சென்று பார்க்க வேண்டியது அந்தச் சிறுமிகளின் கணக்கு. சிறுமியைக் கொன்று உறிஞ்சினால், திறன்களை வாங்க உதவும் ஆடம் என்ற பொருள் 160 கிடைக்கும், காப்பாற்றினால் 80. பாதியை இழந்தாலும் உயிரைக் காப்பாற்றுவேனா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வைக்கும் வலுவான ஏற்பாடு இது. ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றியதும் விஞ்ஞானி டெனன்பாம் ஒரு பரிசு வைத்துவிட்டுப் போகிறார். அதற்குள் 200 ஆடமும் வேறு சில பொருள்களும் இருக்கின்றன. கூட்டிப் பாருங்கள். மூவரைக் கொன்றவருக்கு 480. மூவரைக் காப்பாற்றியவருக்கு 440, மேலும் மற்றவருக்குக் கிடைக்காத பொருள்கள். கருணைக்கு ஆட்டக்காரர் கொடுக்க வேண்டிய விலை ஏறக்குறையத் திருப்பித் தரப்பட்டுவிடுகிறது. கதை இதை ஒழுக்கச் சோதனை என்கிறது. கணக்கோ இது சற்றுத் தாமதமாக வரும் கூலி என்கிறது. ஆட்டத்தின் உண்மையான கருத்தை அறிய வேண்டுமானால் வசனத்தைக் கேட்பதோடு நில்லாமல் இந்தக் கூட்டல் கழித்தலையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நான் கற்றுக்கொண்டது. ஹானர் மீட்டர் மீனை எண்ணுகிறது, மனிதரை எண்ணுவதில்லை என்று வடகாற்று எழுதியிருப்பதும் இதே முறைதான்.

கயிறு தளராத சிக்கலும் பயோஷாக்கிலேயே இருக்கிறது. ஆட்டம் நடக்கும் நகரை நிறுவிய ஆண்ட்ரூ ரயனைச் சந்திக்கும் காட்சியில், அதுவரை நாம் கீழ்ப்படிந்த ஒவ்வொரு கட்டளையும் நம் விருப்பத்தால் நடந்ததல்ல, ஒரு பணிவான சொற்றொடரால் நாம் இயக்கப்பட்டோம் என்று தெரியவருகிறது. ஆட்டக்காரரின் கட்டுப்பாடு பறிக்கப்பட்ட நிலையில், கோல்ஃப் மட்டையால் ரயன் கொல்லப்படுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிகிறது. மிஷன் இலக்குகளுக்கு இத்தனை ஆண்டுகள் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்து வந்த நம் எல்லோரையும் பற்றிய காட்சி அது. அதை எழுதியவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கட்டு அவிழ்ந்த பிறகு என்ன நடக்கிறது? டெனன்பாமின் குரல் ரேடியோவில் வந்து அடுத்த இலக்கைச் சொல்கிறது. நாம் மீண்டும் அம்புக்குறியின் பின்னால் நடக்கிறோம். கீழ்ப்படிதலை அவ்வளவு கூர்மையாகக் கேள்வி கேட்ட ஆட்டத்துக்கு, கீழ்ப்படியாத ஆட்டக்காரரோடு எப்படிப் பழகுவது என்று தெரியவில்லை.


எழுதியவர்: நிழற்குடை

இந்த இழை போகும் போக்கில், தேர்வு கொடுக்கும் ஆட்டம் உயர்ந்தது, கொடுக்காத ஆட்டம் தாழ்ந்தது என்ற முடிவுக்கு வாசகர்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2013இல் வெளிவந்த பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ் ஆட்டத்தில் தேர்வு என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை. கன்ட்ரோலரின் இடப்பக்கக் குச்சி அண்ணனை நடத்துகிறது, வலப்பக்கக் குச்சி தம்பியை. தம்பிக்கு நீந்தத் தெரியாது. ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொள்வான். அண்ணன் இறந்த பிறகு, தம்பி தனியாக ஆற்றங்கரையில் நிற்கிறான். வலப்பக்கத்துப் பொத்தான்களை எவ்வளவு அழுத்தினாலும் அவன் நீருக்குள் இறங்க மறுக்கிறான். அண்ணனுக்கு உரிய இடப்பக்கப் பொத்தானை அழுத்தும்போதுதான் இறங்கி நீந்துகிறான். அந்த ஆட்டத்தின் மக்கள் பேசுவது நமக்குப் புரியும் மொழியே அல்ல. இயக்குநர் ஜோசப் ஃபாரஸ் தான் சொல்ல வேண்டியதை நம் இடது கை விரலிடம் சொல்லிவிடுகிறார். ஆக, கட்டுப்பாடு குறையல்ல. அந்தக் கட்டுப்பாடு எதையாவது சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 இதில் சரிபாதி வென்று, சரிபாதி தோற்றது என்பது என் மதிப்பீடு. நாயகி எல்லி, தான் பழிவாங்கத் தேடும் ஆபியின் கூட்டாளி நோராவைச் சித்திரவதை செய்யும் காட்சியில், திரையில் சதுரப் பொத்தானின் குறி தோன்றுகிறது. அதை அழுத்தும் வரை காட்சி நகராது. பலர் இதைப் பாராட்டினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. விலகிச் செல்ல வழி இல்லாத இடத்தில் என் விரலை இழுத்து வைத்து, பழியையும் அதே விரலின் மீது போடுவது ஆட்டக்காரரை மதிக்கும் செயல் அல்ல. ஆலிஸ் என்ற நாயும் அப்படியே. எல்லியாக இருக்கும்போது அதைக் கொல்லும் பொத்தானை அழுத்த வைக்கிறார்கள். பிறகு காலத்தில் பின்னால் போய், ஆபியாக இருந்து அதே நாயோடு பந்து எறிந்து விளையாட வைக்கிறார்கள். கணக்குப் போட்டு வைக்கப்பட்ட கண்ணி அது என்பது விளையாடும்போதே தெரிந்துவிடுகிறது. அதைவிட, சாதாரணச் சண்டைகளில் விழுந்தவரின் பெயரைச் சொல்லி அவருடைய கூட்டாளிகள் கதறுவது எனக்கு ஆழமாகத் தைத்தது. ஏனென்றால் அங்கே சுடாமல் புல்லுக்குள் ஊர்ந்து ஒதுங்கிப் போகும் வழி பெரும்பாலும் இருந்தது. சுட்டது என் முடிவு.

அதே ஆட்டத்தின் கிட்டார் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தின் நடுவே சில இடங்களில் கிட்டாரை எடுத்து நாமே வாசிக்கலாம்: குச்சியால் கார்டு எனும் சுரத்தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, டச்பேடில் விரலை இழுக்க வேண்டும். அவசரமில்லாத, மதிப்பெண் இல்லாத இனிமையான வேலை. இறுதியில் பழிவாங்கும் பயணம் எல்லியின் இரண்டு விரல்களைத் தின்ற பிறகு, காலியான பண்ணை வீட்டில், தனக்குத் தந்தை போலிருந்த ஜோயலின் கிட்டாரை மீண்டும் எடுக்கிறாள். நாம் பழகிய அதே முறையில் விரலை இழுக்கிறோம். சுரம் முழுமையாக எழவில்லை. அவள் எதை இழந்தாள் என்பதை அங்கே யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கையை வலுக்கட்டாயமாகப் பிடித்து அழுத்திய நோரா காட்சியை எழுதிய அதே குழுதான் இதையும் எழுதியது என்பதால்தான் அவர்கள் மீது எனக்கு வருத்தம் மிகுதி.


எழுதியவர்: கரிசல்

நிழற்குடை அவர்கள் நோரா காட்சியைப் பற்றிச் சொன்னதோடு உடன்பட முடியவில்லை. அங்கே பழி நம் மீது போடப்படுவதாக நான் கருதவில்லை. எல்லியின் கையில் அந்தச் செயல் எவ்வளவு கனமாக இருந்தது என்பதை உணர்த்தவே காட்சி நம் அழுத்தலுக்காகக் காத்து நிற்கிறது; அடி விழும்போது கேமரா காட்டுவது நோராவின் உடலை அல்ல, எல்லியின் முகத்தை. ஆட்டக்காரர் மீது குற்றம் சாட்டும் ஆட்டம் என்றால் அது 2012இல் வந்த ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன். மணற்புயலில் புதைந்த துபாயில் வெள்ளைப் பாஸ்பரஸ் வீசுவதைத் தவிர வேறு வழியைத் தராமல், பிறகு எரிந்து கிடக்கும் பொதுமக்களின் ஊடே நம்மை நடக்க வைத்து, ஏற்றும் திரைகளின் வரிகளில்கூட நம்மையே குத்திக்காட்டுகிறது. அதைத்தான் நான் ஏற்கவில்லை. இரண்டையும் ஒரே குறையாக எண்ணிவிடக் கூடாது.

வடகாற்றின் ஆறாம் அத்தியாயக் கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. அதை வலுவான வாதமாகவே கருதுகிறேன்.


எழுதியவர்: செங்கல்சூளை

இதுவரை பேசப்பட்டவற்றில் பெரும்பாலானவை நூற்றுக்கணக்கானோர் உழைத்த பெரும் ஆட்டங்கள். காட்சியின் பளபளப்புக்குச் செலவிடும்போது, ஆட்டக்காரர் வழிமாறினால் அந்தச் செலவு வீணாகிவிடுமே என்ற அச்சம் தயாரிப்பாளர்களுக்கு வந்துவிடுகிறது. கயிற்றின் பிறப்பிடம் அதுவென்றே நினைக்கிறேன். லூகாஸ் போப் ஏறக்குறையத் தனியாளாக உருவாக்கி 2013இல் வெளியிட்ட பேப்பர்ஸ், ப்ளீஸ் ஆட்டத்தில் அந்த அச்சத்துக்கு இடமே இல்லை.

அதில் நாம் ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி அதிகாரி. காலம் 1982. வரிசையில் வருபவரின் பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். சரியாக முடித்த ஒவ்வொருவருக்கும் 5 கிரெடிட் கூலி. அன்றைய பொழுது முடிந்ததும் வாடகை, உணவு, வீட்டைச் சூடாக்கும் செலவு ஆகியவற்றைக் கழித்தால் மனைவி, மகன், மாமியார், மாமா ஆகியோரில் யாருக்குப் பசி, யாருக்குக் காய்ச்சல் என்று ஒரு சிறு பட்டியல் வருகிறது. தொடக்க நாள்களிலேயே ஒருவர் முறையான தாள்களோடு வந்து, அடுத்து வருபவர் தன் மனைவி, அவளிடம் கருணை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அன்றைய முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டுமே. மூன்றாவதிலிருந்து கூலியில் கைவைப்பார்கள். அதற்குள் நம் கவனக்குறைவால் எத்தனை தவறுகள் செய்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அவளுக்கான கருணையின் விலை மாறுகிறது.

பயோஷாக் தவறவிட்டதை இந்த ஆட்டம் எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அவளை உள்ளே விட்டதற்குப் பரிசுப் பெட்டி வந்து இழப்பை ஈடுகட்டாது. சிவப்பு முத்திரை குத்தினாலும் ஆட்டம் நம்மைக் கண்டிக்காது. வரிசை அதே வேகத்தில் நகரும். நல்லவர் கெட்டவர் என்று அளக்கும் மீட்டர் எதுவுமே இல்லாத ஆட்டம், மீட்டர் வைத்த ஆட்டங்களைவிட மனச்சாட்சியைப் பற்றிக் கூடுதலாகப் பேசுகிறது. அதிகாரத்துக்கு ஒரு சாதாரண மனிதன் எப்படிப் பழகிப்போகிறான் என்பதை விளக்கும் வசனம் இதில் இல்லை. நான்காம், ஐந்தாம் நாள்களில் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு எண்களை மட்டும் பார்க்கத் தொடங்கும் நம் கண்களே அதைச் சொல்லிவிடுகின்றன.

தோல்வியை எப்படிக் கையாள்வது என்பதற்கு 2019இல் வந்த டிஸ்கோ எலிசியம் நல்ல பாடம். விடுதிப் பாக்கியைக் கட்டாமல் நழுவப் பார்க்கும் காட்சியில் பகடை காலை வாரிவிட்டால், துப்பறிவாளர் பின்னோக்கிப் பாய்ந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவள் மீது மோதி விழுகிறார். செக்பாயிண்ட் எதுவும் நம்மை மீட்டுக் கொண்டுபோவதில்லை. அவமானத்தோடு எழுந்து கதையைத் தொடர வேண்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மிஷனில் வழி தவறினால் நேர்ந்ததெல்லாம் அழிக்கப்படுகிறது. ஒன்றில் தோல்வி கதைக்குள் இருக்கிறது, மற்றதில் கதைக்கு வெளியே.


எழுதியவர்: தாழ்வாரம்

கையால் சொல்லப்படும் கதை என்னும்போது, டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா ஆட்டத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். பாஃப்டா விருது பெற்றது என்பதால் நம்மிடையே அதற்குப் பாராட்டு நிறையக் கிடைத்தது. விமர்சனம் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியின் கதை. வெண்பாவின் தாயுடைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்த படிகளை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் இட்லிக் காட்சியில் தட்டுகளை அடுக்கும்போது மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக வந்துவிடாமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கிறோம். ஒரு தாயின் அறிவு மகளின் கைக்கு வந்து சேரும் விதத்தை அந்த ஒரு செயல் காட்டிவிடுகிறது.

என் குறை அதற்குப் பின்னால் தொடங்குகிறது. தவறாகச் சமைத்தால் மீண்டும் செய்து பார்க்கலாம். அதனால் எதுவும் மாறுவதில்லை. மகன் கவின் விலகிப்போவதும் வெண்பாவின் தனிமையும் கதையின் உயிரான பகுதிகள், ஆனால் அவை உரையாடல்களிலேயே நடந்து முடிகின்றன. அடுப்படி அவற்றைத் தொடுவது குறைவு. ஆறிப்போன உணவுக்கும் உண்ணப்படாத தட்டுக்கும் ஆட்ட விதிகளிலேயே ஓர் இடம் இருந்திருந்தால் ஆட்டம் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். நம்மைப் பற்றிய ஆட்டம் என்ற மகிழ்ச்சி எனக்கும் உண்டு. அந்த மகிழ்ச்சிக்காக அளவுகோலைத் தளர்த்த வேண்டியதில்லை.


எழுதியவர்: வடகாற்று

நிழற்குடை, செங்கல்சூளை இருவரின் பதிவுகளுக்குப் பிறகு என் குற்றச்சாட்டைக் கூர்மைப்படுத்த முடிகிறது. கட்டுப்பாட்டை நான் எதிர்க்கவில்லை. தாமஸ் டவுன்ஸிடம் கடன் வசூலிக்கும் மிஷனைப் பாருங்கள். கும்பலுக்காக வட்டிக்கு விடும் ஸ்ட்ராஸ் கொடுத்த கடனுக்காக ஒரு நோயாளியை அவருடைய மனைவி, மகன் கண்முன்னே அடிக்க வேண்டும். தப்பிக்க வழியில்லை. அவர் இருமும்போது ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. அந்த நொடியில் அதன் பொருள் நமக்குத் தெரியாது; பல மணி நேரம் கழித்து மருத்துவர் சொல்லும்போதுதான் தெரிகிறது. அங்கே நம் கை கட்டப்பட்டிருந்தது சரிதான், ஏனென்றால் அந்த ஒரு செயலின் விளைவை ஆட்டம் ஒருபோதும் மறக்கவில்லை. டவுன்ஸின் விதவையும் மகனும் ஆனஸ்பர்க் என்ற ஊரில் என்ன நிலைக்கு வந்தார்கள் என்று நம்மைப் பார்க்க வைக்கிறது.

அதற்கு மறுபக்கமாக ஆறாம் அத்தியாயத்தில் கடன் வசூல் மீண்டும் வருகிறது. இம்முறை, கடனைத் தள்ளுபடி செய்வதா வசூலிப்பதா என்ற முடிவு ஆட்டக்காரரிடம் விடப்படுகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் கட்டப்பட்டிருந்த அதே கை, அதே வகையான வேலையில், இப்போது அவிழ்த்துவிடப்படுகிறது. பிறகு ஆர்தர் ஸ்ட்ராஸை முகாமைவிட்டே துரத்துகிறார். கரிசல் அவர்களே, நீங்கள் சொன்ன டச்சின் கயிறு உண்மையிலேயே இருந்திருந்தால் அது தளர வேண்டிய விதம் இதுதான். அதை எப்படிச் செய்வது என்று ராக்ஸ்டாருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கிளைக்கதையில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். மையக் கதையில் செய்யவில்லை.

ஸ்ட்ராபெரி மிஷனை அப்படியே கட்டாயமாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதன் பிறகு அந்த ஊருக்கு நான் திரும்பிப் போகும்போது கடைக்காரர் என்னைக் கண்டு கதவைச் சாத்தட்டும். ஹானர் மீட்டர் ஒரேயடியாகச் சரியட்டும். நான் ஆற்றில் விட்ட மீன்களெல்லாம் அதற்கு ஈடாகாது என்று ஆர்தர் தன் குறிப்பேட்டில் எழுதட்டும். ரயில் கொள்ளையிலோ, டச்சின் ஆணைக்குக் காத்திராமல் ஜானை நோக்கி ஓட என்னை அனுமதிக்கட்டும். ஓடியும் எட்ட முடியாமல் போகட்டும். கதையில் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை. ஜான் குண்டடிபட்டு விழுவார், டச்சு பொய் சொல்வார், எல்லாம் எழுதியபடியே நடக்கும். ஓடியது நான் என்பது மட்டும் மாறியிருக்கும்.